மணமேல்குடியில் விழித்துக்கொண்ட படம்

சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த கேள்வி, "அங்க எங்கங்க? எங்க மச்சினன் மகன் செல்வம் அங்கதான் இருக்கான், பாத்திருக்கீங்களா?" என்பதாக இருக்கும். கீரனூர் டீக்கடையில் ஒரு செல்வம். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு செல்வம். திருவரங்குளத்தில் ஆட்டோ ஓட்டுநரின் சொந்தத் தம்பியாக இன்னொரு செல்வம். இந்தக் கடைசிச் செல்வத்தைப் பார்த்திருப்பதாகச் சொல்லித் தொலைத்தேன். நன்றாக இருக்கிறானா என்றார். கொஞ்சம் இளைத்திருக்கிறார் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. வண்டியை விட்டு இறங்கும்வரை எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் ஒரு சின்ன ஓவியக் கூடத்தில். ஆணி அடிப்பது, காப்பி கலப்பது, வருகிறவர்களிடம் படம் புரிந்ததுபோல் பேசுவது, எல்லாம் என் வேலை. முதலாளி ஒரு சீனப் பெண்மணி. அவரை மேடம் என்றே வைத்துக்கொள்வோம். யாரோ கைப்பேசியில் காட்டிய சில படங்களைப் பார்த்து அவர் அசந்துபோனார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர், வாழ்நாள் முழுக்க ஆடையில்லாத பெண்களையே வரைந்து வைத்திருக்கிறார். ஒருத்திக்கும் கண் இல்லை. புருவம் உண்டு, இமை உண்டு, நடுவில் வெறும் பழுப்பு நிறம்.

மேடம் உடனே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார். 'கண்ணில்லாத இந்தப் பெண், தன்னைப் பார்ப்பவனைத் திருப்பிப் பார்க்க மறுக்கிறாள். ஆணின் பார்வைக்கு எதிராக ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் நடத்திய போராட்டம் இது' என்று போகும். 'பார்க்க மறுப்பவள்' என்பது கண்காட்சியின் பெயர். கட்டுரை பளபளவென்று அச்சாகியும் வந்துவிட்டது. படம் மட்டும்தான் பாக்கி. உனக்குத்தான் தமிழ் தெரியுமே, போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வா, சரியாக இருந்தால் மற்றதையும் வரவழைக்கலாம், சொதப்பினால் திரும்பி வந்து வேறு வேலை தேடிக்கொள், என்று என்னை அனுப்பினார். கடைசி வரியைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் வேடிக்கைக்காகச் சொல்லும் வழக்கம் உள்ளவர் அல்ல.

"கருப்பையா மாஸ்டர் வீடா? அம்மணப் படம் வரைவாரே, அவருதானே?" என்றார் செல்வத்தின் அண்ணனான அந்த ஆட்டோக்காரர். வாசலில் வேப்பமரம் இருக்குமே, அந்த வீடுதானே என்று கேட்கும் அதே குரல்.

ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? கண்ணுதான் தொறக்கலையே." வண்டியை மெதுவாக ஓட்டியபடியே விளக்கினார். "எங்க அய்யனார் கோயிலுக்கு மண்ணுல குதிரை செய்வாங்க. கண்ணைத் தொறக்குற வரைக்கும் அது மண்ணு. அது மேல துண்டு காயப்போட்டாக்கூட ஒண்ணுமில்ல. தொறந்துட்டா அப்புறம் கும்புடணும். மாஸ்டர் படமும் அப்படித்தாங்க. கண்ணு இல்லாட்டி அது பெயிண்ட்டு. கண்ணு வந்துட்டா பொம்பளை. ஒரு பொம்பளைய அப்படி நிக்க விடுவோமா, சொல்லுங்க."

அச்சாகிவிட்ட கட்டுரையை நினைத்தேன்.

மாஸ்டர் வீட்டில் முதலில் வந்து மோதியது பலாப்பழ வாசனை. அப்புறம்தான் பெண்கள். கூடத்துச் சுவர், நடைச் சுவர், அரிசி மூட்டைக்கு மேலே, எங்கு பார்த்தாலும் பெண்கள். நின்றவள், குனிந்து தண்ணீர் மொள்பவள், தலை உலர்த்துபவள், முதுகு காட்டிப் படுத்திருப்பவள். ஒரு சட்டத்தின் மூலையில் இரத்த அழுத்த மாத்திரை அட்டை செருகியிருந்தது. இன்னொருத்தியின் ஆணியிலேயே நாள்காட்டியும் தொங்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாஸ்டரின் மனைவி மீனாள் அக்கா தட்டு நிறையப் பலாச்சுளையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இவளுகளுக்காகக் கூச்சப்படாத தங்கச்சி, சாப்புடு. இவளுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

மாஸ்டர் ஒல்லியான மனிதர். பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை வரைந்தவர். அம்மணம் வரைகிற எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் முதலில் சொன்னார். கோயில் தூணில் இருந்தால் கும்பிடுகிறார்கள், தாளில் இருந்தால் ஏசுகிறார்கள் என்று. நான் கொட்டாவியை அடக்கியதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, குரலை மாற்றினார்.

"நெசத்தைச் சொல்லவா? இடுப்பு திரும்புற எடம் இருக்கு பாருங்க, அது எனக்கு ஒரு தடவகூடச் சரியா வந்ததில்ல. சரியா வந்துட்டா விட்டுருவேன்."

"வராது. இவரும் விடமாட்டாரு" என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து.

கண்ணைப் பற்றிக் கேட்டேன். மாஸ்டர் அடுப்படியை ஒருதரம் பார்த்தார். "ஆசை இல்லாம இருக்குமாங்க. சாகுறதுக்குள்ள ஒருத்திக்காவது தொறந்து பாத்துரணும். கல்யாணமான புதுசுல சத்தியம் வாங்கிட்டா."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "இப்பவும் அதேதான் சொல்றேன். எவளுக்காச்சும் கண்ணு தொறந்தா அன்னைக்கே நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." சண்டையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் வடகத்தை உள்ளே எடுத்துவிடுவேன் என்பதுபோல் சொன்னார். மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் பிழைப்பும் அந்தச் சத்தியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதால் அக்காவின் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

தண்ணீர் மொள்பவளைத் தேர்ந்தெடுத்து, மேடத்துக்குப் படம் அனுப்பிச் சம்மதமும் வாங்கிவிட்டு, அன்று இரவு புதுக்கோட்டையில் புரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டேன். முட்டை மாஸ் என்பது அவித்த முட்டையைத் துண்டுபோட்டுக் காரமான மசாலாவில் புரட்டிக் கொடுப்பது. சிங்கப்பூரில் இப்படி ஒன்று கிடைக்காததற்கு யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. வேலை ஒரே நாளில் முடிந்துவிட்ட திருப்தியில் இன்னொரு தட்டும் வாங்கினேன்.

மறுநாள் காலையில் படத்தைக் கட்டப் போனால், மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மணமேல்குடியிலிருந்து போன் வந்திருக்கிறது. துபாயில் இருந்து திரும்பிய காசிநாதன் என்பவர், புது வீடு கட்டியபோது மாஸ்டரிடம் ஒரு படம் வாங்கி மாட்டியிருந்தாராம். இப்போது அவர் போனில் சொன்னது ஒரே வரி.

"மாஸ்டர், படம் முழிச்சுக்கிருச்சு."

நானும் கூடப் போனேன். அறந்தாங்கியில் பஸ் மாறி, ஜன்னலில் உப்புக்காற்று அடிக்கத் தொடங்கியபோது எனக்கு மீன் பசி வந்துவிட்டது.

காசிநாதன் வீட்டில் எல்லோரும் வெளியே, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக யாருக்கும் மனசில்லை. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அவள் இருந்தாள். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை லேசாகச் சாய்த்து நிற்கும் பெண். தோளிலும் கழுத்திலும் சிவப்பும் கறுப்புமாக ஸ்டிக்கர் பொட்டுகள். கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் கச்சிதமாக ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. அவள் பார்த்தாள். சத்தியமாக என்னைத்தான் பார்த்தாள்.

குற்றவாளி அந்த வீட்டுப் புது மருமகள். நம் பெண்கள் முகம் கழுவும்போது நெற்றிப்பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்கள், உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அப்படித்தான். என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கும் அம்மை போட்டாற்போலத்தான் இருக்கும்.

"கண்ணாடி ரொம்ப உசரத்துல இருக்குங்க. இவங்கதான் எனக்கு வாட்டமா நின்னாங்க" என்றது அந்தப் பெண், அழுகிற குரலில். "நான் பாத்து ஒட்டலைங்க. முகத்துல சோப்பு."

மாமியார் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்திருக்கிறார், படம் பார்த்திருக்கிறது. அன்றைக்கே மோட்டார் எரிந்துபோனதாம். பால் திரிந்ததாம். சின்ன மகனின் விசா தள்ளிப்போனதாம். சரி, பொட்டை உரித்துவிட்டால் முடிந்ததே என்று நான் கையை நீட்டினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறந்த கண்ணை மூடலாமாம்மா? செத்தவங்களுக்குல்ல மூடுவாங்க."

நான் கையை இழுத்துக்கொண்டேன். இதற்கெல்லாம் மேடத்தின் கட்டுரையில் இடமே இல்லை.

மாஸ்டர் அவள் முன்னால் நின்றவர் நின்றவர்தான். அப்புறம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை என்பதை எல்லோரும் கவனித்தோம். வீட்டுக்குள் உயிர் வந்ததுபோல் அடுப்பு பற்றவைத்து எங்களுக்கு நண்டுக் குழம்பு ஊற்றினார்கள். ஓட்டை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் கொஞ்சம் நாகரிகமாகவே.

திரும்பும்போது கிடைத்தது, பெண்களுக்குக் காசு வாங்காத டவுன் பஸ். போர்வையில் சுற்றிய படத்தை மாஸ்டர் அணைத்துப் பிடித்து நின்றார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஆட்டுக்குட்டி ஒன்றுக்காக பிரேக்கை மிதிக்க, போர்வை நழுவித் தோள்வரை இறங்கிவிட்டது. பஸ் முழுக்கத் திரும்பியது. கண் மட்டும் மூடியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

"என்னங்க இது, கண்ணு தொறந்த பொம்பளைய ஆம்பளைங்க நடுவுல நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றார் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண். "இங்கிட்டு குடுங்க." கை மாறிக் கை மாறி அவள் பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தாள். ஒருவர் நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார். இன்னொருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டார்.

கண்டக்டர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "லக்கேஜுன்னா காசு. பொம்பளைன்னா ஃப்ரீ. என்னன்னு போடுறது?"

"கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்றார் மீன்கூடைப் பெண்.

கண்டக்டர் இலவச டிக்கெட்டில் ஒன்று எனக்கும் ஒன்று அவளுக்குமாகக் கிழித்து என் கையில் கொடுத்தார். நான் வெளிநாட்டுக்காரி என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் செல்வத்தைப் பற்றி விசாரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பெரிய கடைகளின் தள்ளுபடி அட்டையெல்லாம் பையில் வைத்திருக்கிறேன், ஒரு நகரமும் எனக்கு யார் என்று கேட்காமல் எதையும் கொடுத்ததில்லை.

கூட்டம் குறைந்தபிறகு மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இத்தனை வருசமா நான்தான் இவளுகளைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். எவளும் என்னையப் பாத்ததில்ல பாருங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. வெளியே புளியமரங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

மீனாள் அக்கா வாசலிலேயே மறித்துவிட்டார். விழித்தவள் வீட்டுக்குள் வரக்கூடாது. சண்டையெல்லாம் இல்லை, வாசற்படியில் சும்மா உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். மாஸ்டர் படத்தைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய், பலாமரத்தடியில் சாக்கு போட்டுச் சாய்த்து வைத்தார். கதவு வழியே எட்டிப் பார்த்தேன், அக்கா உள்ளே ஒரு பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். விளையாட்டில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. போய் உட்கார்ந்து, ஏன்க்கா, ஊருக்குப் பயந்தா என்றேன்.

"ஊரு என்ன பண்ணும்? ஊரைப் பத்தி எனக்கென்ன?" சேலையின் மடிப்பை நீவினார். "நீயே பாரு தங்கச்சி. இவளுக எல்லாரும் எப்படி இருக்காளுக. நான் எப்படி இருக்கேன். எண்ணெய்ப் பிசுக்குத் தலையோட, கிழிஞ்ச சேலையோட, இவளுக நடுவுலதான் இத்தனை வருசமும் சமைச்சிருக்கேன், கூட்டிப் பெருக்கியிருக்கேன். கண்ணு இல்லாததுனால பொழைச்சேன். தொறந்துட்டா வீடு முழுக்க என்னையவே பாப்பாளுக. எம் மனசுக்கு அது தாங்காது."

மேடத்தின் கட்டுரையில் ஆண் பார்வை பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் மூக்கை உறிஞ்சினேன். அக்கா என்னைப் பார்த்து, "சும்மா இரு, ஒனக்கென்ன வந்துச்சு" என்று அதட்டிவிட்டு ஒரு பலாச்சுளையை என் வாயில் திணித்தார்.

கடைசி பஸ் போய்விட்டதால் அக்கா காலையில் கிளம்புவதாக இருந்தது, நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கொல்லையில் அக்காவின் சத்தம் கேட்டு நானும் மாஸ்டரும் ஓடினோம். சாக்கு விலகிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கோழி. புழு என்று நினைத்து ஒரு கண்ணைக் கொத்திப் போட்டிருக்கிறது. ஒற்றைக் கண்ணோடு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அந்தப் பெண் எங்கள் மூவரையும் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து, முந்தானையால் அந்த முகத்தின் தூசியைத் துடைத்தார்.

"ஒத்தக் கண்ணோட இவ எங்கிட்டுப் போவா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தொறந்து விடுங்க" என்றார்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டு கண்ணையும் நல்லபடியாத் தொறந்து, தங்கச்சிகூட அனுப்பி விடுங்க. தண்ணி மொள்றவ இங்கயே இருக்கட்டும்."

கண்ணில்லாத பெண் வேண்டும் என்று சிங்கப்பூரில் மேடம் காத்திருக்கிறார் என்பதை இந்த இடத்தில் நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாஸ்டர் தூரிகை எடுக்க உள்ளே ஓடியதைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த வயதில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கண் திறப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. திறந்த கண் முதலில் எதைப் பார்க்கிறதோ அதன்மேல் அதன் முழு வேகமும் இறங்கும் என்பார்கள். அதனால் யாரும் நேரே நிற்க மாட்டார்கள், கண்ணாடியைக் காட்டுவார்கள். மாஸ்டர் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"கண்ணாடி வேணாம்" என்றார் அக்கா. "தொறந்ததும் தன்னையே இந்தக் கோலத்துல பாத்தா வெக்கப்பட்டுப் போவா. நான் உட்காருறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனவர் வரவே நேரமாயிற்று. வந்தபோது தலை வாரி, பூ வைத்து, அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். பலாமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, படத்துக்கு நேரே, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு உட்காருவதுபோல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் எதற்கு வம்பு.

மாஸ்டர் பொட்டை உரித்தார். வலது கண், பிறகு இடது கண். இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுச் சட்டென்று ஒதுங்கினார்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தார். ஒரு பலா இலை விழுந்தது. கோழி குறுக்கே நடந்துபோனது, யாரும் விரட்டவில்லை.

"என்னங்க" என்றார் அக்கா கடைசியில், கண்ணை எடுக்காமல். "இவ என்னைய ஒண்ணும் சொல்லலையே."

மாஸ்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. எழுந்துபோய் அண்ணன் வீட்டுக்கென்று கட்டிய பையைப் பிரித்தார்.

கண் திறந்தவளை அப்படியே அனுப்ப முடியுமா? கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்துப் படத்தைச் சுற்றினார். ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். "போற எடத்துல ஏசி போட்டு வச்சிருப்பாங்க, குளிரும். சுவத்துல மாட்டுற வரைக்கும் கழட்டிராத" என்று எனக்கு உத்தரவு. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் சேலையை விலக்கினார். கண்ணைப் பார்த்தார், மிச்சத்தையும் பார்த்தார், "மூடுங்க, மொதல்ல மூடுங்க" என்று அவரே முந்தானையை இழுத்துச் செருகிவிட்டார். வாழைப்பழத்தை மட்டும் விட மறுத்துவிட்டார்கள்.

மேடம் படத்தையும் அச்சான கட்டுரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கட்டுரையை மறுபடி அச்சடிக்க முடியாது. 'பார்க்க மறுப்பவள்' என்ற பலகைக்குக் கீழே அவள் எல்லோரையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு தொங்கினாள். வந்தவர்கள் கட்டுரையைப் படித்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒரு அடி பின்னால் போனார்கள், சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்கள். மிக ஆழமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வேலை தப்பியது. ஆனால் மேடம் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் மொள்பவளையும் மற்றவர்களையும் உடனே வரவழைக்கச் சொன்னார். இந்த முறை கண் இல்லாமல், என்று இரண்டு தடவை சொன்னார்.

மீனாள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு தொறக்காததா?" என்றார். "அது இனிமே கஷ்டம் தங்கச்சி. காலையில காலையில ஒவ்வொருத்தியாத் தொறந்துக்கிட்டு வாராரு. தண்ணி மொள்றவளுக்கு நேத்துத்தான் ஆச்சு. இப்ப இடுப்பைப் பத்தி மூச்சே விடுறதில்ல, கண்ணு சரியா வரலைன்னு பொலம்புறாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"ஊருக்கென்ன. எல்லாருக்கும் துணி சுத்தி விட்டாச்சு. அதை விடு, எனக்குத்தான் பெரும்பாடு. ஒவ்வொருத்திக்கும் நான்தான முன்னால உட்காரணும். எங்கிட்ட இருக்குறது ரெண்டே ரெண்டு பட்டு. முந்தா நாளு பாத்தவ நேத்துப் புதுசா முழிச்சவகிட்டச் சொல்ல மாட்டாளா, இவ அதே சேலையத்தான் கட்டியிருக்கான்னு? மயில் கழுத்து நெறத்துல ஒண்ணு வாங்கி யாருகிட்டயாச்சும் குடுத்துவிடு. அங்க அந்த ஆட்டோக்காரர் தம்பி செல்வம் இருக்கானாமே, ஒனக்குப் பழக்கமாமே, அவன்கிட்டயே குடுத்துவிடு."